குழந்தை வளரும், உள்ளே வைத்த குழாய் வளருமா?

முதலாம் ஆண்டில் சேரும் பிள்ளைக்குப் பள்ளிச் சீருடை எடுக்கும்போது அம்மாக்கள் செய்வதைக் கவனித்திருப்பீர்கள். ஓர் அளவு பெரிதாகவே எடுப்பார்கள். அடிவிளிம்பை உள்பக்கமாக மடித்து, இரண்டு விரல் அகலம் விட்டுத் தைக்கச் சொல்வார்கள். "வளர்ற பிள்ளை, மடிப்பைப் பிரிச்சா அடுத்த வருஷத்துக்கும் ஆகும்" என்பது அவர்கள் கணக்கு.

அதே பிள்ளையின் நெஞ்சுக்குள், இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியில் ஒரு குழாயை வைக்க வேண்டியிருந்தால் என்ன செய்வது? ஓர் அளவு பெரிதாக வைத்தால் தமனி கிழிந்துவிடும். இன்றைக்குச் சரியான அளவில் வைத்தால், பிள்ளை வளர வளர அந்தக் குழாயே அடைப்பாகிவிடும். துணிக்கு மடிப்பு விட்டதுபோல உலோகக் குழாய்க்கும் மடிப்பு விட முடியுமா? இதய மருத்துவர்களும் பொறியியலாளர்களும் கடந்த முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்தக் கேள்வியோடுதான் போராடிக்கொண்டிருக்கிறார்கள்.

இடுப்பு ஒடுங்கிய பெருந்தமனி

படிவம் 3 அறிவியலில் இரத்த ஓட்ட மண்டலத்தைப் படித்திருப்பீர்கள். இதயத்தின் இடது கீழறையிலிருந்து கிளம்பும் பெருந்தமனி முதலில் மேல்நோக்கிச் சென்று, கைத்தடியின் பிடிபோல வளைந்து, பிறகு முதுகெலும்பை ஒட்டிக் கீழே இறங்குகிறது. வளைவிலிருந்து தலைக்கும் கைகளுக்கும் கிளைகள் பிரிகின்றன. இடது கைக்கான கிளையைத் தாண்டியவுடன் வரும் இடத்தில், சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே தமனி ஒடுங்கியிருக்கும். பலூனின் நடுவில் நூலைக் கட்டினால் எப்படி இருக்கும், அப்படி. இதைப் பெருந்தமனிக் குறுக்கம் என்கிறோம். பிறக்கும் 10,000 குழந்தைகளில் சுமார் 4 பேருக்கு இது இருக்கிறது.

குறுக்கத்துக்கு முன்னால் இருக்கும் தலைக்கும் கைகளுக்கும் இரத்தம் மிகையான அழுத்தத்தோடு பாயும். பின்னால் இருக்கும் வயிறு, சிறுநீரகம், கால்கள் ஆகியவற்றுக்குப் போதாமல் போகும். அதனால்தான் பிறந்த குழந்தையைப் பரிசோதிக்கும் மருத்துவர் கவட்டைப் பகுதியில் விரலை வைத்து நாடி பார்க்கிறார். கை நாடி துள்ளி, கவட்டை நாடி மங்கியிருந்தால் அவருக்குச் சந்தேகம் வந்துவிடும். கருவிகள் நிறைந்த இந்தக் காலத்திலும் இரண்டு விரல் நுனிகள் கண்டுபிடிக்கும் நோய் இது. சில குழந்தைகளுக்குப் பிறந்த சில நாள்களிலேயே நிலைமை மோசமாகிவிடும். வேறு சிலர் எதுவும் தெரியாமல் பள்ளிக்குப் போய், ஓடி விளையாடி, பதின்ம வயதில் இரத்த அழுத்தம் பார்க்கும்போதுதான் அகப்படுவார்கள்.

கொஞ்சம் ஒடுங்கினால் என்ன என்று கேட்கலாம். குழாயில் பாயும் திரவத்தைப் பற்றி பிரெஞ்சு அறிஞர் புவாசெய் 19ஆம் நூற்றாண்டில் கண்ட விதி இதற்குப் பதில் சொல்கிறது. அழுத்த வேறுபாடு மாறாதபோது, ஓட்டத்தின் அளவு குழாயின் ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. ஆரம் பாதியானால் ஓட்டமும் பாதியாகாது; பதினாறில் ஒரு பங்காகிவிடும். துடித்துத் துடித்துப் பாயும் பெருந்தமனிக்கு இந்த விதி அப்படியே பொருந்தாது என்பது உண்மைதான். ஆனாலும் போக்கை அது சரியாகவே காட்டுகிறது. ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். குழந்தைக்கு 6 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாயை வைக்கிறோம். அவன் பெரியவனானதும் தேவைப்படுவது 18 மில்லிமீட்டர். ஆரம் மூன்று மடங்கு. மூன்றின் நான்காம் அடுக்கு 81. அன்று உயிர் காத்த அதே குழாய் இன்று எவ்வளவு பெரிய தடை என்று இப்போது தெரிகிறதல்லவா?

கத்தியிலிருந்து பலூனுக்கு

இந்தக் குறுக்கத்தை அறுவைசிகிச்சையால் முதலில் சரிசெய்தவர் சுவீடனின் கிளாரன்ஸ் கிராஃபோர்ட். 1944இல் ஸ்டாக்ஹோமில் அதைச் செய்தார். ஒடுங்கிய துண்டை வெட்டி எடுத்துவிட்டு, இரு முனைகளையும் இழுத்துத் தைப்பதுதான் முறை. பச்சிளங்குழந்தைகளுக்கு இன்றும் இதுதான் பெரும்பாலும் முதல் தேர்வு. அதற்கு நல்ல காரணம் இருக்கிறது: தைத்த பிறகு உள்ளே இருப்பது குழந்தையின் சொந்தத் திசு மட்டுமே. அது வளரும். ஆனால் தையல் போட்ட இடத்தில் தழும்பு இறுகி, சிலருக்கு மறுபடியும் குறுக்கம் வந்துவிடும். நெஞ்சை இரண்டாம் முறை திறப்பது முதல் முறையைவிடக் கடினம். பழைய தழும்பில் எல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கும்.

கத்தி வைக்காமல் தமனியைத் திறக்கும் வழி வேறொரு பக்கத்திலிருந்து வந்தது. 1964இல் அமெரிக்காவின் போர்ட்லந்து நகரில் சார்ல்ஸ் டாட்டர் என்ற கதிரியக்க மருத்துவர், 82 வயது மூதாட்டி ஒருவரின் கால் தமனி அடைப்பை உள்ளிருந்தே குழாய்களைச் செலுத்தி விரித்தார். காலை எடுக்க வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்லியும் மறுத்தவர் அவர். 1977இல் சூரிக்கில் ஆந்திரேயாஸ் குருன்ட்சிக் இதயத் தமனியையே பலூனால் விரித்தார். 1980களில் பெருந்தமனிக் குறுக்கத்துக்கும் பலூன் வந்தது. பலூனை ஊதினால் தமனி விரியும். எடுத்துவிட்டால் பல நேரங்களில் பழையபடி சுருங்கும். சுருங்காமல் தாங்கிப் பிடிக்க ஒரு சாரக்கட்டு தேவைப்பட்டது. அதுதான் ஸ்டென்ட்.

இடையில் ஒரு சின்னச் செய்தி. ஸ்டென்ட் என்பது ஒரு மனிதரின் பெயர். 19ஆம் நூற்றாண்டில் லண்டனில் வாழ்ந்த பல் மருத்துவர் சார்ல்ஸ் ஸ்டென்ட், பல்லின் அச்செடுக்க ஒரு கலவையை உருவாக்கினார். அந்தக் கலவையின் பெயர் மெல்ல மெல்லத் திசுவைத் தாங்கிப் பிடிக்கும் எல்லாவற்றுக்கும் ஆகி, கடைசியில் இதயத்துக்குள் போய்ச் சேர்ந்துவிட்டது.

மீளும் உலோகமும் மீளாத உலோகமும்

படிவம் 5 இயற்பியலில் 'கெக்கெஞாலான்' என்று மலாய் மொழியில் படிக்கிறோமே, அந்த மீள்தன்மைதான் இங்கே முக்கியம். ஒரு சுருள்வில்லை இழுத்துவிட்டால் பழைய நிலைக்கே திரும்பும். காகிதம் செருகும் கிளிப்பை விரித்தால் விரித்தபடியே நிற்கும். முதலாவது மீள்உருமாற்றம், இரண்டாவது நிலையான உருமாற்றம்.

ஸ்டென்ட்களிலும் இந்த இரண்டு சாதிகள் உண்டு. நிக்கலும் டைட்டானியமும் கலந்த நிட்டினால் என்ற உலோகக் கலவையால் ஆன ஸ்டென்ட், மெல்லிய குழாய்க்குள் அடக்கி வைத்த சுருள்வில் போன்றது. தமனிக்குள் வெளியே விட்டதும் தானாக விரிந்து, தனக்கென்று குறித்த அளவில் நின்றுகொள்ளும். அந்த அளவைத் தாண்டிப் பலூனால் பெரிதாக்கினாலும் பழைய அளவுக்கே திரும்பப் பார்க்கும். வளர்ச்சி நின்றுபோன பெரியவர்களுக்கு இது மிகப் பொருத்தம். 1987இல் கார்கிவ் நகரில் நிக்கோலாய் வோலோதோஸும், 1990இல் புவெனோஸ் ஐரிஸில் ஹுவான் பரோதியும் உறை போர்த்திய ஸ்டென்ட்டைப் பெருந்தமனிக்குள் பொருத்திக் காட்டினார்கள். அந்த வழியில் வந்தவற்றுள் பல இன்று நிட்டினால் சட்டத்தால்தான் செய்யப்படுகின்றன. முதியவர்களின் தமனி வீக்கம் வெடிக்காமல் காப்பது அவற்றின் வேலை.

குழந்தைக்கு வேண்டியது கிளிப் சாதி. பலூனை 8 மில்லிமீட்டருக்கு ஊதினால் 8இல் நிற்க வேண்டும். நான்கு ஆண்டு கழித்து இன்னொரு பலூனை 12க்கு ஊதினால் 12இல் நிற்க வேண்டும். கோபால்ட்–குரோமியம், பிளாட்டினம்–இரிடியம் போன்ற கலவைகள் இப்படி நடந்துகொள்ளும்.

ஆனால் கிளிப்பைத் திரும்பத் திரும்ப வளைத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். வளைத்த இடம் இறுகி, ஒரு கட்டத்தில் முறிந்துவிடும். ஸ்டென்ட்டைச் சில முறைதான் விரிக்கப் போகிறோம். அதுவல்ல பெரிய கவலை. இரண்டு வயதுக் குழந்தையின் இதயம் நிமிடத்துக்கு 110 முறை துடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 1,58,400 துடிப்புகள். ஒவ்வொரு துடிப்பிலும் தமனி சற்று விரிந்து சுருங்க, ஸ்டென்ட்டும் மயிரிழை அளவு அசைகிறது. இந்தக் களைப்பைத் தாங்குமா என்று பார்க்க, ஆய்வகத்தில் எந்திரத்தில் பொருத்தி 10 ஆண்டுத் துடிப்புக்குச் சமமாகச் சுமார் 400 மில்லியன் முறை அசைத்துச் சோதிக்கிறார்கள். பத்தாண்டு என்பது 70 வயதுக்காரருக்கு நீண்ட காலம். இரண்டு வயதுக் குழந்தைக்கு அது ஆறாம் ஆண்டு முடிவதற்குள் தீர்ந்துபோகும்.

கடையின் மடக்குக் கதவு சொல்லும் பாடம்

பழைய கடைவரிசைகளில் இரும்புப் பட்டைகளால் சாய்சதுரம் சாய்சதுரமாகப் பின்னிய மடக்குக் கதவைப் பார்த்திருப்பீர்கள். ஓரமாகத் தள்ளிவைத்தால் சாய்சதுரங்கள் ஒடுங்கி உயரும். இழுத்துப் பூட்டினால் அகன்று தாழும். பட்டைகளின் நீளம் மாறுவதே இல்லை. கோணம் மட்டும்தான் மாறுகிறது. அந்தக் கதவை உருட்டிக் குழாயாக்கி, பேனா முனை அளவுக்குச் சிறிதாக்கினால் அதுதான் ஸ்டென்ட். சீருடைக்கு விட்ட மடிப்பு இங்கே வளைவுகளாக ஒளிந்திருக்கிறது.

ஆனால் மடக்குக் கதவுக்கு உள்ள தொல்லை ஸ்டென்ட்டுக்கும் உண்டு: அகன்றால் குட்டையாகும். பைத்தாகரஸ் தேற்றத்தை வைத்தே இதைக் கணக்கிடலாம். 5 மில்லிமீட்டர் பக்கமுள்ள ஒரு சாய்சதுரத்தை எடுத்துக்கொள்வோம். அதன் அகலம் 2 மில்லிமீட்டராக இருக்கும்போது நீளம் ஏறத்தாழ 9.8. அகலத்தை 6க்கு விரித்தால் நீளம் 8. அதாவது அகலம் மூன்று மடங்காகியும் நீளத்தில் போனது 1.8 மில்லிமீட்டர்தான். அடுத்து 8க்கு விரியுங்கள். நீளம் சட்டென்று 6க்கு இறங்கிவிடும். கடைசிக் கட்ட விரிவில்தான் ஸ்டென்ட் வேகமாகக் குட்டையாகிறது. குறுக்கத்தின் மேல் நிற்க வேண்டியது விலகி, ஒரு முனையில் குறுக்கம் மறுபடி வெளியே தெரியலாம். எனவே முதல் நாளே, கடைசி நாள் எவ்வளவு குட்டையாகும் என்று கணக்கிட்டு நீளத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எத்தனை சாய்சதுரங்களைச் சுற்றி அடுக்குவது, பக்கத்தின் நீளம் எவ்வளவு, அவற்றை எங்கே இணைப்பது என்பதெல்லாம் வடிவமைப்பாளர் மண்டையை உடைத்துக்கொள்ளும் இடங்கள்.

இனி உறைக்கு வருவோம். வெறும் கம்பிவலை சுவரைத் தாங்கும், ஆனால் விரிக்கும்போது தமனிச் சுவர் கிழிந்தால் இரத்தத்தைத் தடுக்காது. பெருந்தமனி கிழிந்தால் சில நிமிடங்களே அவகாசம். அதனால் மிகவும் ஒடுங்கிய, நலிந்த தமனிகளில் உறையிட்ட ஸ்டென்ட்டை வைப்பார்கள். கம்பிவலைக்கு மேல் இரத்தம் கசியாத மெல்லிய சவ்வு போர்த்தியிருக்கும். சவ்வும் கம்பியோடு சேர்ந்து விரிய வேண்டும், ஆனால் கிழியக்கூடாது. சாதாரணத் துணி இதற்கு ஒத்துவராது.

இந்தச் சவ்வு நம் அடுப்படிக்கு நெருங்கிய உறவு. ஒட்டாத வாணலியில் பூசும் டெஃப்லான், 1938இல் ராய் பிளங்கெட் தற்செயலாகக் கண்டது. 1969இல் பாப் கோர் என்ற அமெரிக்கர், சூடாக்கிய டெஃப்லான் கம்பிகளை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மெதுவாக, பக்குவமாக இழுத்தபோதெல்லாம் அவை அறுந்தன. எரிச்சலில் ஒன்றை வெடுக்கென்று இழுத்தார். அறுபடாமல் பல மடங்கு நீண்டது! உள்ளே நுண்ணிய இழைகளும் முடிச்சுகளும் கொண்ட, காற்று நிறைந்த புதுப் பொருள் கிடைத்தது. மழைக்கோட்டு முதல் செயற்கை இரத்தக் குழாய் வரை அது போய்விட்டது. மாணவர்கள் ஆய்வகத்தில் எதையும் வெடுக்கென்று இழுக்க இதை ஆதாரமாகக் காட்ட வேண்டாம்.

அமெரிக்க மருத்துவர் ஜான் சீத்தமின் பெயர் கொண்ட பிளாட்டினம் ஸ்டென்ட் இந்தச் சவ்வைப் போர்த்திக்கொண்டு வருகிறது. வளைவு வளைவாக மடித்த பிளாட்டினம்–இரிடியம் கம்பியின் இணைப்புகளைத் தங்கத்தால் பற்றவைத்திருப்பார்கள். அதைப் பொருத்தப் பலூனுக்குள் பலூன் வைத்த ஒரு கருவி உண்டு. உள்பலூன் வெளிப்பலூனின் பாதி அளவு. முதலில் உள்பலூனை ஊதி, ஸ்டென்ட் சரியான இடத்தில் இருக்கிறதா என்று எக்ஸ்-ரே திரையில் பார்த்துச் சரிசெய்துகொள்வார்கள். பிறகுதான் வெளிப்பலூன். பிள்ளை வளர்ந்ததும் மறுபடியும் தொடைத் தமனி வழியே பெரிய பலூனைக் கொண்டுபோய் விரிக்கலாம்.

சின்னவர்களுக்குத்தான் சிக்கல்

இத்தனையும் கேட்டால் பிரச்சினை தீர்ந்ததுபோலத் தோன்றும். தீரவில்லை. உறையும் கம்பியும் பலூனும் சேர்ந்து மடங்கினால் கனம் கூடிவிடுகிறது. அதைச் செலுத்தும் குழாய் 4 மில்லிமீட்டர் அளவில் அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டியிருக்கும். பச்சிளங்குழந்தையின் தொடைத் தமனியே 2 அல்லது 3 மில்லிமீட்டர்தான். அதனால் இந்த வகை பொதுவாக 20 கிலோவுக்கு மேல் எடையுள்ள பிள்ளைகளுக்கே கைகொடுக்கும். அதற்கும் சின்னவர்களுக்கு, பெரியவர்களின் இதயத் தமனிக்கென்று செய்த சிறு ஸ்டென்ட்களை அவசரத்துக்கு வைத்த காலம் உண்டு. பின்னாளில் அவை விரிய மறுக்கும்போது, உயர் அழுத்தப் பலூனால் ஸ்டென்ட்டை வேண்டுமென்றே முறித்துத் திறக்கும் வழியையும் மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள். நான் படித்தவற்றுள் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான். குழந்தைகளுக்கென்று தனியாக ஒரு கருவி செய்ய நிறுவனங்கள் தயங்கின. நோயாளிகள் குறைவு, விற்பனை குறைவு, சோதனைச் செலவோ மிக அதிகம். நோயின் கடுமையைவிட நோயாளிகளின் எண்ணிக்கை ஒரு கண்டுபிடிப்பின் வேகத்தைத் தீர்மானிப்பது நியாயமாகப் படவில்லை.

அந்த இடைவெளி 2024இல் ஓரளவு அடைபட்டது. பிறந்த குழந்தைக்கும் பொருத்தத்தக்க, பிறகு பலூனால் கட்டம் கட்டமாகப் பெரியவர் அளவுவரை விரிக்கத்தக்க 'மினிமா' என்ற ஸ்டென்ட்டுக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அவ்வாண்டு ஆகஸ்டில் ஒப்புதல் அளித்தது. பெருந்தமனிக் குறுக்கத்துக்கும் நுரையீரல் தமனிக் குறுக்கத்துக்கும் என்றே செய்தது அது. ஆனால் அதற்கு உறை கிடையாது. பச்சிளங்குழந்தைக்குள் நுழையும் அளவுக்கு மெல்லியதாகவும், பின்னாளில் மூன்று மடங்கு விரிவதாகவும், கசியாததாகவும் ஒரே கருவியைச் செய்வதுதான் கடினம்.

எல்லாக் குழந்தைக்கும் வளரும் குழாய் தேவை என்பதும் இல்லை. நம் நாட்டிலேயே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. கருவில் இருக்கும்போது பெருந்தமனியையும் நுரையீரல் தமனியையும் இணைக்கும் ஒரு சிறு நாளம், பிறந்த சில நாள்களில் தானாக மூடிக்கொள்ளும். நுரையீரலுக்கு வேறு வழியில் இரத்தம் போகாத நீலக் குழந்தைகளுக்கு அது மூடினால் ஆபத்து. அந்த நாளத்தை ஸ்டென்ட் வைத்துத் திறந்தே வைத்திருக்கும் முறையில் கோலாலம்பூரிலுள்ள தேசிய இருதயக் கழகம் உலகின் முன்னோடிகளில் ஒன்று. டாக்டர் மஸெனி அல்வியும் குழுவினரும் 2004இல் அமெரிக்க இதயவியல் கல்லூரியின் ஆய்விதழில் வெளியிட்ட கட்டுரையை மற்ற நாட்டு மருத்துவர்கள் இன்றும் எடுத்தாள்கிறார்கள். இங்கே ஸ்டென்ட்டின் வேலை குழந்தை அடுத்த அறுவைசிகிச்சையைத் தாங்கும் அளவுக்கு வளரும்வரைதான்.

பலூன் இல்லாமலே வளருமா?

இதுவரை சொன்னவற்றில் குழாய் தானாக வளரவில்லை. மருத்துவர்தான் வந்து விரித்துவிட்டுப் போகிறார். தானாக வளரும் குழாய்க்கு மூன்று பாதைகளில் ஆய்வு நடக்கிறது.

முதலாவது, வேலை முடிந்ததும் கரைந்துபோவது. 2005இல் ஜெர்மன் மருத்துவர்கள், குறைமாதத்தில் பிறந்த ஒரு குழந்தையின் நுரையீரல் தமனியில் மக்னீசிய ஸ்டென்ட்டைப் பொருத்தினார்கள். மக்னீசியம் உடலுக்குள் அரித்துக் கரைந்துவிடும். கம்பி போனபின் தமனி தன்போக்கில் வளரலாம். தமனி குணமாவதற்குள் கம்பி கரைந்துவிட்டால் என்ன செய்வது என்பதுதான் இதன் தலைவலி.

இரண்டாவதைப் புரிந்துகொள்ள, மாண்டரின் ஆரஞ்சு வரும் வலைப்பையை எடுங்கள். இரு முனைகளையும் பிடித்து இழுத்தால் பை நீண்டு ஒடுங்கும். பாஸ்டன் நகரில் பெட்ரோ டெல் நிடோ, ஜெஃப்ரி கார்ப் ஆகியோரின் குழு 2017இல் இந்தத் தத்துவத்தில் ஓர் உள்வைப்பை வெளியிட்டது. பின்னல் உறைக்குள் மெல்லக் கரையும் ஒரு தண்டு. தண்டு கரைந்து மெலிய மெலிய, பின்னல் ஒடுங்கி நீள்கிறது. இதை இதய வால்வின் வாயைச் சுற்றி வளையமாகத் தைத்தால், பின்னல் நீள நீள வளையமும் பெரிதாகும். வளரும் பன்றிக்குட்டிகளில் அது வேலை செய்தது. இரத்தக் குழாய்க்கு இதை எப்படி மாற்றுவது என்று யோசித்துப் பாருங்கள். சிக்கல் எங்கே வரும் என்று உங்களுக்கே தெரியும்.

மூன்றாவது, குழாயையே உயிருள்ளதாக்குவது. மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ராபர்ட் டிராங்கில்லோவின் குழு, செம்மறியாட்டின் தோல் செல்களைக் குழாய் வடிவத்தில் வளர்த்தது. செல்கள் தங்களைச் சுற்றிக் கொலாஜன் இழைகளைப் பின்னியபின், செல்களை மட்டும் கழுவி அகற்றியது. மிஞ்சிய வெறும் கூட்டை ஆட்டுக்குட்டிகளின் நுரையீரல் தமனியில் பொருத்தியபோது, குட்டிகளின் சொந்தச் செல்கள் அதற்குள் குடியேறின. 2016இல் வெளியான முடிவுகளின்படி, குட்டிகள் வளர்ந்து பெரிதானபோது குழாயின் விட்டமும் 56 விழுக்காடு கூடியிருந்தது.

மனிதர்களிலும் முயற்சி நடந்திருக்கிறது. 1999இல் ஜப்பானில் தோஷிஹாரு ஷினோகாவின் குழு, கரையும் பாலிமர் குழாயில் நான்கு வயதுச் சிறுமியின் சொந்தச் செல்களையே விதைத்து அவளுக்குப் பொருத்தியது. அமெரிக்காவில் கிறிஸ்தோபர் புரூவர் இந்த வழியைத் தொடர்ந்தார். அங்கே நான்கு குழந்தைகளுக்குப் பொருத்தியபின், எதிர்பார்த்ததற்கு முன்பே குழாய் குறுகத் தொடங்கியதால் ஆய்வை நிறுத்தினார்கள். ஏன் குறுகியது என்று கணினி மாதிரியில் ஆராய்ந்தபோது வியப்பான விடை கிடைத்தது. பாலிமர் கரையும்போது ஏற்படும் அழற்சியால் குழாய் முதலில் குறுகும், பிறகு தானாகவே திறந்துகொள்ளும் என்றது மாதிரி. செம்மறியாடுகளில் பொருத்திப் பார்த்தார்கள். ஆறு வாரத்தில் குறுகியிருந்த குழாய்கள், பலூன் எதுவும் வைக்காமலே ஆறு மாதத்தில் திறந்திருந்தன. 2020இல் இந்த முடிவு வெளியானபோது, குறுகத் தொடங்கிய குழாயைக் கண்டதும் பலூனை எடுப்பதா, காத்திருப்பதா என்ற புதிய கேள்வி மருத்துவர்கள் முன்னால் வந்து நின்றது.